தோட்ட வேலை மருந்தான கதை

மத்திய அரசுப் பணியில் 36 வருடங்கள் இருந்தேன். எந்த ஊர் குவார்ட்டர்ஸிலும் தோட்டம் உண்டு, அதைக் கவனிக்க மாலியும் உண்டு. பி.எஸ்ஸி.யில் தாவரவியல் படித்தவன் என்று பெயரே தவிர, ஒரு செடிக்குக்கூட என் கையால் ஜலம் விட்டதில்லை.

நான்கு வருடங்களுக்கு முன் என் மனைவி காலமானாள். நாக்பூர் பிளாட் பால்கனியில் அவள் வளர்த்த துளசியும் நந்தியாவட்டையும் கறிவேப்பிலையும் ஒரே மாதத்தில் வாடின. நானும் பேப்பர்கூடப் படிக்காமல் நாற்காலியே கதி என்று இருந்தேன். "அம்மாவோட செடிக்கெல்லாம் இனிமே நீங்கதான் ஜலம் விடணும், அப்பா" என்றாள் மாட்டுப்பெண். அப்படி ஆரம்பித்ததுதான். மனம் தேறத் தொடங்கியதும், இதற்கு ஏதாவது சரித்திரம் உண்டா என்று தேடிப் படித்தேன். படித்ததை நம் அங்கத்தினர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டி வைப்பது சகஜம். 1790-ல் இங்கிலாந்தின் யார்க் நகர மனநோய் விடுதியில் ஹன்னா மில்ஸ் என்ற விதவை இறந்துபோனார். அவர் குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்தவர். அதே பிரிவினரான வில்லியம் டியூக் என்ற தேயிலை வியாபாரி இதனால் மனம் நொந்து, 1796-ல் 'ரிட்ரீட்' என்ற இல்லத்தைத் திறந்தார். அங்கே சங்கிலி கிடையாது. நோயாளிகள் தோட்டத்தில் வேலை செய்தார்கள். முற்றத்தில் முயல்களும் கோழிகளும்கூட வளர்ந்தன.

அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவரான டாக்டர் பெஞ்சமின் ரஷ், மனநோய்கள் பற்றி 1812-ல் ஒரு நூல் வெளியிட்டார். விறகு வெட்டி, தோட்டம் கொத்தி உழைக்கும் ஆண் நோயாளிகள் பலர் குணமடைகிறார்கள் என்றும், அந்தஸ்து காரணமாக வேலையிலிருந்து விலக்குப் பெற்றவர்கள் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நலிந்துபோகிறார்கள் என்றும் அதில் குறிப்பிட்டிருக்கிறார். இது என்னைச் சுருக்கென்று தைத்தது. அந்த அந்தஸ்துக்காரர்களில் நானும் ஒருவன்தானே!

ரஷ் சொன்னது அனுபவக் குறிப்புதான், சோதனை முடிவு அல்ல. எண்களுடன் ஓர் ஆய்வு 1984-ல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தது. பென்சில்வேனியா ஆஸ்பத்திரி ஒன்றில் பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை ரோஜர் உல்ரிச் ஒப்பிட்டார். பாதிப் பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள், மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். ஆபரேஷனுக்குப் பின் மரம் பார்த்தவர்கள் தங்கியது சராசரி 7.96 நாள், சுவர் பார்த்தவர்கள் 8.70 நாள். முதல் பிரிவினருக்குக் கடுமையான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. சிறிய ஆய்வுதான் என்றாலும், பிறகு வந்த பல ஆராய்ச்சிகளுக்கு அது வழிகாட்டியது. இன்று நம் பெங்களூரு நிம்ஹான்ஸிலும் மறுவாழ்வுப் பயிற்சிகளில் தோட்டக்கலை இடம் பெறுகிறது.

டாக்டரும் மருந்தும் தேவைப்படுகிறவர்களுக்கு அவை தேவைதான். செடி அவற்றுக்குப் பதில் ஆகாது. ஆனால் காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் அது தரும். அளவு தெரியாமல் ஜலம் கொட்டி, கறிவேப்பிலையை வேர் அழுகச் செய்தேன். நந்தியாவட்டை பிழைத்தது. தினமும் நாலு பூவாவது பறித்து அவள் படத்துக்கு வைக்கிறேன்.

ரிடையர் ஆன அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரே ஒரு தொட்டியாவது வையுங்கள். வேலைக்காரரிடம் விடாமல், மண்ணை நீங்களே கிளறுங்கள்.