வராகனும் ஞானஸ்நானமும்: கோட்டை ஆலயமும் பூவிருந்தவல்லிச் சாலையும்

1687 ஏப்ரலில் லண்டனிலிருந்த கிழக்கிந்தியக் கும்பினி இயக்குநர்கள் சென்னைக்கு அனுப்பிய கடிதமொன்றில், வேறெந்த வணிகக் கணக்கிலும் காணக் கிடைக்காத ஒரு செலவினம் வருகிறது. கோட்டைச் சிப்பாய்கள் உள்ளூர்ப் பெண்களை மணப்பதை ஊக்குவிக்க வேண்டும். அத்தகைய மணத்தில் பிறக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடக்கும் நாளில் தாயின் கையில் ஒரு வராகன் கொடுக்கலாம் என்பது அவர்கள் யோசனை. மிளகுக்கும் துணிக்கும் கடைசிக் காசு வரை கணக்குப் பார்த்தவர்கள் ஒரு சடங்குக்குப் பொன் தர முன்வந்தார்கள் என்றால், அந்தச் சடங்கிலிருந்து அவர்கள் எதிர்பார்த்தது பக்தியை மட்டுமாக இருக்க முடியாது.

சென்னைக் கோட்டையின் தூய மரியாள் ஆலயத்தைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். அவற்றில் பெரும்பகுதி இரண்டு தடங்களில் ஓடுகிறது. ஒன்று, சூயசுக்குக் கிழக்கே மிகப் பழைய ஆங்கிலிக்கன் ஆலயம் என்னும் பெருமை, அதன் பளிங்குச் சிலைகள், அங்கே மணமுடித்த பிரபுக்கள். மற்றொன்று, தமிழகத்துச் சீர்திருத்தக் கிறித்தவத்தின் முன்கதையாக அதைக் காண்பது. இரண்டுமே கட்டடத்தைப் பார்க்கின்றன, அது செய்த வேலையைப் பார்ப்பதில்லை. கோட்டை ஆலயம் முதன்மையாகப் படையின் ஓர் உறுப்பு. சிப்பாய்க்குக் குடும்பம் எது, அவன் பிள்ளை யாருடைய பிள்ளை, அந்தப் பிள்ளையைக் கொண்டு என்ன செய்வது என்பதைத் தீர்மானித்த அலுவலகம் அது. இக்கட்டுரையின் வாதம் இவ்வளவுதான். அந்த அலுவலகத்தின் தடம் கோட்டைக்குள் முடிந்துவிடவில்லை. மேற்கு நோக்கி எழும்பூர் வழியாகப் பூவிருந்தவல்லி வரை அது நீண்டது.

கட்டடமே படையின் மொழியில் பேசுகிறது. 1678 மார்ச் 25 அன்று, கன்னி மரியாளுக்கு மங்களவார்த்தை சொல்லப்பட்ட திருநாளில், கவர்னர் ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் காலத்தில் கடைக்கால் போடப்பட்டது. ஆலயத்துக்கு மரியாள் பெயர் வந்தது அதனால்தான். பணம் கும்பினியின் பெட்டியிலிருந்து வரவில்லை, கோட்டைவாசிகளின் நன்கொடையிலிருந்து வந்தது. அதுவரை வழிபாடு கும்பினி மாளிகையின் கூடம் ஒன்றில்தான் நடந்துகொண்டிருந்தது. லண்டன் பேராயர் ஹென்றி காம்ப்டனின் அனுமதியோடு 1680 அக்டோபர் 28 அன்று பாதிரியார் ரிச்சர்ட் போர்ட்மன் அர்ப்பணம் செய்துவைத்தார். வடிவமைத்தவர் எட்வர்ட் ஃபௌல் என்கிற பீரங்கிப்படை அதிகாரி என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. கட்டடத்தைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது. நான்கடிக்குக் குறையாத சுவர். மூன்று நடைகளையும் மூடிய செங்கல் வில்வளைவுக் கூரை, கனம் இரண்டடி. அதில் உத்தரம், வாரை எதுவும் கிடையாது. குண்டு விழுந்தாலும் தீப்பிடிக்க மரம் இல்லை. வெடிமருந்துக் கிடங்கு கட்டத் தெரிந்த கை கட்டிய வழிபாட்டிடம் இது. முற்றுகைக் காலங்களில் வீரர்கள் தங்குவதற்கும் தானியம் அடுக்குவதற்கும் அதைப் பயன்படுத்தியதைச் சில ஆசிரியர்கள் புனிதத்துக்கு நேர்ந்த இழுக்காகக் குறிக்கிறார்கள். கட்டும்போதே அந்தப் பயனும் கணக்கில் இருந்தது என்றே நான் கொள்வேன்.

தரையில் பதித்த கல்லறைப் பலகைகளுக்கும் இதே கதைதான். முதலில் அவை இங்கே இல்லை. இன்றைய சட்டக் கல்லூரி வளாகத்தில் இருந்த ஆங்கிலேயர் இடுகாட்டில் கூர்ங்கோபுரங்களோடு எழுந்து நின்றன. 1758 டிசம்பரில் லாலியின் பிரெஞ்சுப் படை கோட்டையை வளைத்தபோது அந்தக் கோபுரங்களே எதிரிக்கு மறைப்பாகிவிட்டன. 1759 பிப்ரவரியில் முற்றுகை விலகியபின் இடுகாட்டையே தரைமட்டமாக்கினார்கள். பலகைகள் கோட்டைக்குள் வந்தன. ஹைதர் அலி அச்சுறுத்திய நாள்களில் பீரங்கி மேடை அமைக்கவும் அவற்றை எடுத்துக்கொண்டார்கள். அவற்றுள் மிகப் பழையது எலிசபெத் பேக்கர் என்ற பெண்ணுடையது, 1652ஆம் ஆண்டுக்குரியது. பழைய இடத்திலேயே விடப்பட்ட மிகச் சிலவற்றுள் எலிஹு யேலின் மகன் டேவிட்டும் ஜோசப் ஹின்மர்ஸும் அடங்கிய கல்லறையும் ஒன்று. அந்த ஹின்மர்ஸின் விதவை கேத்தரினை யேல் மணந்ததே, 1680 நவம்பர் 4 அன்று, இவ்வாலயத்தில் பதிவான முதல் திருமணம்.

பதிவேடு என்றேன். கல்லைவிட அதுதான் முக்கியமான சான்று. ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905இல் வெளியிட்ட சென்னை மாகாணக் கல்லறைக் கல்வெட்டுத் தொகுதி ஆராய்ச்சியாளர்களின் கைநூலாகிவிட்டதில் ஒரு விபரீதமும் நேர்ந்தது: கல் வைக்க வசதி இருந்தவர்களின் வரலாறே படையின் வரலாறு போலத் தோற்றம் தருகிறது. பத்திகொண்டாவில் காலராவில் இறந்து, குத்தியில் புதைக்கப்பட்டு, 1831இல் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்ட தாமஸ் மன்றோவுக்கு இடம் கிடைத்தது. சாதாரணச் சிப்பாய்க்குக் கிடைத்தது பதிவேட்டில் ஒரு வரி. ஆனால் அந்த வரிகள் 1680இலிருந்து தொடர்கின்றன. நகல்கள் லண்டனுக்குப் போயின. சென்னை மாகாணத்துக்குரியவை இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் தனி வரிசையாக இன்றும் உள்ளன. சமய நிறுவனம் ஒன்றின் ஏட்டை அரசு நகலெடுத்துக் கடல் கடந்து பாதுகாத்திருக்கிறது. வாரிசுரிமை, ஓய்வூதியம், அநாதைப் பராமரிப்பு எல்லாவற்றுக்கும் அந்த ஏடே அத்தாட்சி என்பதால்.

அந்த ஏட்டுக்குள் யார் வரலாம் என்பதில்தான் தொடக்கம் முதலே சிக்கல். கோட்டைச் சிப்பாய் மணக்கக்கூடிய பெண்கள் பெரும்பாலும் போர்ச்சுகீசிய வழியினர், கத்தோலிக்கர். வெள்ளையர் நகருக்குள்ளேயே கப்புச்சின் துறவிகளின் ஆலயம் இருந்தது. திருமணமும் ஞானஸ்நானமும் அங்கே எளிதாக நடந்தன. மரியாள் ஆலயம் எழுந்த 1680ஆம் ஆண்டிலேயே, கலப்பு மணம் செய்வோர் பிள்ளைகளைப் புராட்டஸ்டண்டுகளாகவே வளர்ப்பதாக வாக்குறுதி தரவேண்டும் என்று கோட்டை ஆலோசனைச் சபை விதித்தது. ஏழாண்டு கழித்து வந்த வராகன் யோசனையை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். விதி தடுத்தது, வராகன் இழுத்தது. இரண்டின் நோக்கமும் ஒன்றே. கத்தோலிக்கத் தாயின் மகன் நாளைக்குப் பிரெஞ்சுக்காரன் பக்கம் சாயலாம் என்ற அச்சம் வெறும் கற்பனையாகவும் கருதப்படவில்லை. 1746இல் பிரெஞ்சுக்காரர் நகரைப் பிடித்தனர்; 1749இல் அது திரும்பி வந்ததும் கத்தோலிக்கர்மீது பழி விழுந்தது, கப்புச்சின் ஆலயம் இடிக்கப்பட்டது.

கத்தோலிக்கத் தாயைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்ட ஏடு, இந்தியத் தாய் என்றால் மௌனமாகிவிடும். கல்கத்தாவோடு பெயர் சேர்ந்துபோன ஜாப் சார்னாக்கின் மூன்று பெண்களுக்கு 1689 ஆகஸ்டில் இங்கேதான் ஞானஸ்நானம் நடந்தது. மேரி, எலிசபெத், கேத்தரின் என்று பெயர்கள் இருக்கின்றன. தகப்பன் பெயர் இருக்கிறது. தாயின் பெயர் இல்லை. காலனியக் குடும்பங்களை ஆராய்ந்த துர்பா கோஷ் வங்காளத்தை முன்வைத்துக் காட்டிய பெயரழிப்பு இங்கே நூறு ஆண்டு முன்னதாகவே நடைமுறையில் இருந்தது.

சமயப் பரப்பலே ஆலயத்தின் நோக்கம் என்று வாதிடுவோர் 1698ஆம் ஆண்டுச் சாசனத்தைக் காட்டுவர். ஒவ்வொரு கோட்டையிலும் பெரிய பண்டகசாலையிலும் ஒரு பாதிரியார் இருக்க வேண்டும், ஓராண்டுக்குள் போர்ச்சுகீசியம் கற்க வேண்டும், கும்பினியின் இந்து அடிமைகளுக்கும் ஊழியருக்கும் போதிக்க நாட்டுமொழியும் கற்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஐந்நூறு டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பலில் பாதிரியார் ஒருவர் வரவேண்டும் என்றும் சொன்னது. அதற்காகவே கும்பினி 499 டன் கப்பல்களாக வாடகைக்கு எடுத்தது என்று ஒரு கேலி உண்டு. ஜார்ஜ் லூயிஸ், வில்லியம் ஸ்டீவன்சன் போன்ற சிலர் போர்ச்சுகீசியம் அறிந்து தரங்கம்பாடி மிஷனரிகளுக்குத் துணை நின்றதும் உண்மை. ஆனால் தமிழில் போதிக்கும் பணி கோட்டைப் பாதிரியாருடையதாக ஆகவே இல்லை. அது 1720களில் சுல்ட்சே வந்தபின் வேப்பேரி மிஷனுக்குரியதாயிற்று. தமிழ்க் கிறித்தவர் போனது வேப்பேரிக்கு. கோட்டையின் பாதையும் வேப்பேரியின் பாதையும் சந்தித்த தருணங்களும் உண்டு: 1753 பிப்ரவரி 18 அன்று ராபர்ட் கிளைவுக்கும் மார்கரெட் மாஸ்கெலினுக்கும் இவ்வாலயத்தில் மணமுடித்து வைத்தவர் வேப்பேரியின் பப்ரிசியஸ், தமிழ் அகராதி தந்த அதே பப்ரிசியஸ். 1761இல் புதுச்சேரி வீழ்ந்தபோது வந்த கொள்ளைப் பொருள்களில் அச்சுக்கூடம் அவருக்குப் போயிற்று. பீடத்துக்கு மேலுள்ள இராவுணவு ஓவியமும் அப்படி வந்ததே என்பது மரபு. ஒரே வெற்றியில் மிஷனுக்கு எழுத்தும் கோட்டைக்குச் சித்திரமும் கிடைத்தன.

கோட்டை ஆலயத்தின் உண்மையான விரிவு அநாதைகள் வழியாக நடந்தது. 1715இல் ஸ்டீவன்சன் தொடங்கிய தூய மரியாள் தருமப் பள்ளி, இறந்துபோன அல்லது விட்டுப்போன சிப்பாய்களின் பிள்ளைகளுக்கானது. மைசூர்ப் போர்கள் அந்தப் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பெருக்கின. 1787இல் பெண் அநாதை விடுதி ஏற்பட்டது, அதைத் தொடர்ந்து எழும்பூர்க் கோட்டையில், இன்று ரயில் நிலையம் நிற்கும் இடத்தில், படைவீரரின் ஆண் பிள்ளைகளுக்கான விடுதி அமைந்தது. அதை மேற்பார்த்த பாதிரியார் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்த் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். கூலிக்கு வந்த ஆசிரியர்கள் அதைச் செய்ய மறுக்கவே, எட்டு வயது ஜான் ஃப்ரிஸ்கனைச் சட்டாம்பிள்ளையாக்கினார். 1797இல் லண்டனில் அவர் வெளியிட்ட நூலால் ‘மெட்ராஸ் முறை’ உலகம் சுற்றியது. கல்வி வரலாற்றாசிரியர்கள் இதைப் பெல்லின் கண்டுபிடிப்பாகவோ திண்ணைப் பள்ளியின் வெற்றியாகவோ எழுதுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்பது. பெரும்பாலோர் ஐரோப்பியச் சிப்பாய்க்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்தவர்கள்; ஒரு நூற்றாண்டுக்கு முன் தலைக்கு ஒரு வராகன் மதிப்பிடப்பட்ட வகைப் பிள்ளைகள்.

அவர்களின் மதிப்பு இதற்குள் தலைகீழாகியிருந்தது. இந்தியத் தாய்க்கோ தந்தைக்கோ பிறந்தவர் கும்பினியின் உடன்படிக்கைப் பணிகளுக்கு வரக்கூடாது என்று 1791இல் ஆணை. படையில் குழலூதுவோர், முரசறைவோர், வாத்தியக்காரர், லாடம் அடிப்போர் என்ற அளவிலேயே இடம் என்று 1795இல் மற்றோர் ஆணை. ஆலயம் ஞானஸ்நானம் கொடுத்துச் சேர்த்தவர்களைப் படை வாசலில் நிறுத்தியது. ஆனால் ஆள் தேவை தீரவில்லை. 1794இல் மைக்கேல் டாப்பிங் தொடங்கிய நில அளவைப் பள்ளிக்கு இந்த விடுதியிலிருந்தே பையன்கள் எடுக்கப்பட்டார்கள். 1802இல் பரங்கிமலைக்கருகே லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவையில், அப்பள்ளியில் பயின்ற ஜோஷுவா டி பென்னிங் உதவியாளராக நெடுங்காலம் உழைத்தார். அதிகாரியாக விடாமல் தடுத்த பிள்ளையிடம் நாட்டை அளக்கும் சங்கிலியைக் கொடுத்தார்கள். கிறிஸ்டோபர் ஹாஸ் ஆங்கிலோ-இந்தியரைப் பற்றிய தம் நூலுக்கு ‘ஏழை உறவினர்’ என்னும் பொருள்பட வைத்த தலைப்பு பொருத்தமானதே. ஆனால் அந்த உறவை எழுதிவைத்தது கோட்டை ஆலய ஏடு என்பதை அவர் போதிய அளவு அழுத்தவில்லை.

இந்த விடுதி, பள்ளி எல்லாம் ஏறக்குறைய ஒரே சாலையை ஒட்டி மேற்கே நகர்ந்தன. ஸ்காட்லாந்துக்காரருக்காக 1821இல் திறந்த ஆன்ட்ரூஸ் கிர்க் இச்சாலையில்தான். தருமப் பள்ளியின் வழிவந்த செயின்ட் ஜார்ஜ் பள்ளி இன்று செனாய் நகர் அருகே இதே சாலையில் இருக்கிறது. சாலை போய்ச் சேரும் பூவிருந்தவல்லி, 1750 வாக்கில் நவாப் முகமது அலியிடமிருந்து கும்பினிக்கு வந்த ஊர். வைணவர்க்கு அது திருக்கச்சி நம்பியின் ஊர். படைக்கோ, கப்பலிலிருந்து இறங்கிய அரசரின் ரெஜிமெண்டுகள் வந்து தங்கும் பாசறை, நோயாளிகள் தேறும் இடம், பணிக்காலம் முடிந்தவர்கள் கப்பலுக்குக் காத்திருக்கும் இடம். காற்று நல்லது என்று அதைத் தேர்ந்தார்கள். அங்கும் பாதிரியார் அமர்த்தப்பட்டார். ஞானஸ்நானமும் மணமும் அடக்கமும் ஏடேறின. 1813ஆம் ஆண்டுச் சாசனத்துக்குப் பின் சென்னை மாகாணப் பாசறைகளில் ஆலயங்கள் அடுக்கடுக்காக எழுந்ததைப் பிராங்க் பென்னி தம் மூன்று தொகுதி வரலாற்றில் ஊர் ஊராக விவரிக்கிறார். நல்ல உழைப்பு. எனினும் அவரும் ஒரு பாதிரியார். கட்டட மதிப்பீடு, இருக்கை, மணி ஆகியவற்றில் அவருக்குள்ள அக்கறை ஏட்டில் வரும் மனிதர்களிடம் இல்லை.

பூவிருந்தவல்லி ஏட்டின் தனித்தன்மை இங்கேதான். கோட்டை ஏடு நிலைகொண்ட ஒரு சமூகத்துடையது: ஒரே குடும்பப் பெயர் ஞானஸ்நானத்தில் தொடங்கி மணத்தில் தொடர்ந்து அடக்கத்தில் முடியும். பூவிருந்தவல்லியில் பெயர்கள் வருவதும் போவதுமாக இருக்கும் நிலை. இங்கிலாந்திலிருந்து நேற்று வந்தவனும் இருபதாண்டு இந்தியாவில் கழித்துவிட்டு நாளை கப்பலேறப் போகிறவனும் ஒரே ஏட்டில் அடுத்தடுத்த வரிகளில் வருவர். கப்பலேறும் சிப்பாயோடு அவன் இந்திய மனைவியும் பிள்ளைகளும் போக முடிந்ததா என்பது, முறைப்படி மணந்தானா, அந்த மணத்தை ரெஜிமெண்ட் ஏற்றதா என்பவற்றைப் பொறுத்தது. ஆகவே கிளம்பும் பாசறையின் ஆலயத்தில் பதிவான திருமணத்தை வெறும் மணமாகப் படிக்க முடியாது. விட்டுப்போகப்படுவதற்கு எதிராக ஒரு பெண் தேடிக்கொண்ட காப்பாகவும் அது இருந்திருக்கலாம். சென்னை வரிசை நகல்களை ரெஜிமெண்டுகள் கப்பலேறிய தேதிகளோடு பொருத்திப் பார்த்தால் இந்த ஊகம் நிற்கிறதா என்பது தெரிந்துவிடும். பளிங்கை விட்டுவிட்டு ஆராய்ச்சியாளர்கள் முதலில் கைவைக்க வேண்டிய இடம் அதுவே.

1927ஆம் ஆண்டு இந்தியத் திருச்சபைச் சட்டம் இந்த ஆலயங்களை இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து பிரித்தது. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. படைக்காகப் பாதிரியார்க்குச் சம்பளம் தந்த துறையும் அரசோடு போயிற்று. மேற்குப் புறநகரில் படை மட்டும் போகவில்லை: ஆவடியில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் எழுந்த தளமும், பின்னர் வந்த டாங்கித் தொழிற்சாலையும் பூவிருந்தவல்லிக்கு வடக்கே சில மைல் தொலைவில்தான். சுதந்திர இந்தியாவின் ராணுவத்தில் சர்வ தர்ம ஸ்தலம் என்ற பொதுவழிபாட்டிடமும், பிரிவிலுள்ளோரின் சமயத்துக்கேற்ப நியமிக்கப்படும் சமய ஆசிரியர்களும் உண்டு. சிப்பாயின் பிள்ளையைப் பதிவு செய்யும் ஏடு மட்டும் அவர்களிடம் இல்லை. அது உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போய்விட்டது.