பீப் சத்தமும் எம்டன் குண்டும்

மெட்டல் டிடெக்டர் வாங்கினவங்க முதல் நாளே கத்துக்கிற பாடம் ஒண்ணு உண்டு. பீப் அடிக்கிற இடத்துல எல்லாம் தோண்டக் கூடாது. தோண்டினா முதுகு போயிடும். துருப்பிடிச்ச ஆணி, சோடா மூடி, சிகரெட் பாக்கெட் ஃபாயில் இதுங்கதான் வரிசையா வரும். அதனால எதைத் தோண்டுறதுன்னு தெரியுறதை விட எதை விடுறதுன்னு தெரியுறதுதான் திறமை. நம்ம பொட்டிதட்டுற ஜாதிக்குப் புரியுற மாதிரி சொன்னா, இது ஸ்பேம் ஃபில்டர் பிரச்னை. இறுக்கினா நல்ல மெயிலும் குப்பைக்குப் போகும். தளர்த்தினா குப்பை எல்லாம் வீட்டுக்குள்ள வரும்.

நான் திருவொற்றியூர்க்காரன். "காசிமேட்டுலேர்ந்து எண்ணூர் வரைக்கும் மெஷினோட நடந்தா ஏதாவது தேறுமா?"ன்னு ஆபீஸ்ல ஒரு நண்பர் கேட்டார். ஒரு வரியில பதில் சொல்ல முடியலை. காரணம், இந்தப் பிரச்னைக்கு ஒரு நீளமான வரலாறு இருக்கு.

டெலிபோன் கண்டுபிடிச்ச கிரகாம் பெல்தான் இதுல முதல்ல மாட்டினவர். 1881 ஜூலை 2 அன்னிக்கு அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டாங்க. உடம்புக்குள்ள குண்டு எங்கே இருக்குன்னு தேட, பெல் ஒரு கருவி செஞ்சு எடுத்துட்டுப் போனார். படுக்கையில இருந்த இரும்பு ஸ்பிரிங்குகள் குழப்பின. போதாததுக்கு, குண்டு வலப்பக்கம்தான் இருக்குன்னு டாக்டர் அடம்பிடிச்சு அங்கே மட்டும் தேட விட்டார். குண்டு இருந்ததோ இடப்பக்கம். செப்டம்பர் 19-ல் கார்ஃபீல்ட் இறந்துட்டார்.

இன்னிக்கு மெஷின்கள் எவ்வளவோ முன்னேறியாச்சு. சுருள் ஒரு காந்தப்புலத்தை மண்ணுக்குள்ள அனுப்பும். உள்ளே இருக்கிற உலோகத்துல சின்ன மின்னோட்டம் உண்டாகி, திரும்பி வர்ற சிக்னல் கொஞ்சம் தாமதமாகும். அந்தத் தாமதத்தை வெச்சு இது இரும்பு, இது செம்பு, இது வெள்ளின்னு ஊகிக்குது. ஊகம்தான், கவனிங்க. மெல்லிசான தங்கச் சங்கிலியும் சிகரெட் ஃபாயிலும் அதுக்கு ஏறக்குறைய ஒண்ணுதான். ஃபாயில் வேண்டாம்னு ஃபில்டர் போட்டா தங்கமும் போச்சு :-)

ஆனா இரும்பு விஷயத்துல பெரும்பாலும் எல்லாருக்கும் ஒரே கொள்கை. இரும்புன்னா தள்ளு. ரோமானியக் காசு தேடி இங்கிலாந்து வயக்காட்டுல நடக்கிறவருக்கு அது சரி. வடசென்னைக்கு?

முதல்ல மண்ணையே பாருங்க. 1875-ல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினாங்க. தெற்கேயிருந்து வடக்கே போற கடல் மணலை அந்தச் சுவர் தடுத்துச்சு. அதனால மெரினா அகலமாச்சு, ராயபுரம் பக்கம் கரை அரிச்சுப் போச்சு. பழைய கரையில கிடந்தது பாதி கடலுக்குள்ள, மீதி கொட்டின கருங்கல்லுக்கு அடியில. மிச்சமிருக்கிற மணல்ல "ஆகா, காசு!"ன்னு சத்தம் போடுறது பல சமயம் வலையில கட்டுற ஈயக் குண்டா இருக்கும்.

இந்த ஊரோட நிஜ வரலாறு இரும்புலதான் இருக்கு. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்னிக்கு ராயபுரத்துலேர்ந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்புச்சு. அந்தக் காலத்துத் தண்டவாள ஆணி ஒண்ணு மண்ணுக்குள்ள இருந்தா மெஷின் என்ன சொல்லும்? இரும்பு, தள்ளு.

அடுத்தது எம்டன். 1914 செப்டம்பர் 22, ராத்திரி ஒன்பதரை வாக்கில கேப்டன் முல்லரோட ஜெர்மன் கப்பல் வந்து நின்னுச்சு. 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகளால சுமார் 130 குண்டு போட்டுட்டு, அரை மணி நேரத்துல கிளம்பிடுச்சு. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டேங்குகள் எரிஞ்சது. ஜனங்க மூட்டை முடிச்சோட ஊரை விட்டு ஓடினாங்க. ஹைகோர்ட் காம்பவுண்ட் சுவர்ல இதுக்கு ஒரு கல்வெட்டு இருக்கு. 'சரியான எம்டன்டா அவன்'ங்கிற பேச்சும் இருக்கு. அந்தக் குண்டுச் சில்லு மண்ணுல இருந்தாலும் மெஷினோட தீர்ப்பு அதேதான். இரும்பு, தள்ளு.

சரி, அப்ப இரும்பையும் தோண்டிடலாமான்னா, அங்கேதான் வம்பு. 2004 செப்டம்பர் கடைசியில காஸியாபாத் பக்கம் ஒரு ஸ்டீல் தொழிற்சாலையில வெளிநாட்டிலிருந்து வந்த பழைய இரும்பு வெடிச்சுப் பத்துத் தொழிலாளர்கள் செத்துப் போனாங்க. குப்பைன்னு வந்ததுக்குள்ள பீரங்கிக் குண்டுகள். நம்ம பக்கம் காயலான் கடையில சம்மட்டியோட நிக்கிறவங்களை நினைச்சா எனக்கு இந்தச் செய்திதான் ஞாபகத்துக்கு வரும்.

எந்த சிக்னலையுமே விட முடியாத மனுஷங்களும் இருக்காங்க. இலங்கையில 2009-ல் போர் முடிஞ்ச பிறகு முகமாலை மாதிரி இடங்கள்ல மிதிவெடி அகற்றினவங்க. அதுல நிறையப் பேர் தமிழ்ப் பெண்கள், பல குடும்பங்களுக்கு அவங்க சம்பளம்தான் சோறு. அங்கே புதைச்ச பல வெடிகள்ல உலோகம் துளியூண்டுதான். அதனால மெஷினை உச்ச உணர்திறன்ல வைக்கணும். வெச்சா ஒவ்வொரு ஆணியும் தோட்டா ஓடும் கத்தும். ஒவ்வொண்ணையும் மண்டிபோட்டு, பக்கவாட்டுல, அங்குலம் அங்குலமா சுரண்டிப் பார்த்தாகணும். நாம ஒரு சிக்னலை விட்டா போறது ஒரு காசு. அவங்க விட்டா போறது பின்னாடி அந்த வழியா நடக்கிற ஒரு குழந்தையோட கால். ஃபில்டரை எங்கே வைக்கணும்னு மெஷின் சொல்லாது. தப்பினா யாருக்கு என்ன போகும்ங்கிறதுதான் சொல்லும்.

நண்பருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: நம்ம கரையில பெருசா, அழுத்தமா ஒரு இரும்பு சிக்னல் வந்தா அதைக் குப்பைன்னும் நினைக்காதீங்க, கடப்பாரையும் எடுக்காதீங்க. அடையாளம் வெச்சுட்டு போலீசுக்குச் சொல்லுங்க.

டிஸ்கி: தங்கமே கிடைச்சாலும் கமுக்கமா பையில போட முடியாது. 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, மண்ணுல மறைஞ்சிருந்து கிடைச்ச பொருள் பத்து ரூபாய்க்கு மேல பெறும்னா கலெக்டருக்கு எழுதிக் கொடுக்கணும். மறைச்சா ஒரு வருஷம் வரைக்கும் உள்ளே போகலாம். பத்து ரூபாய் சார், பத்து ரூபாய்!