தேசவழமை எழுத்தாக்கப்பட்ட வரலாறு

யாழ்ப்பாணம் 1658 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் வசமாயிற்று. தம் நாட்டுச் சட்டத்தை அவ்வாறே ஈண்டும் நாட்டிவிடுதல் ஆள்வோர்க்கு எளிதாயிருந்திருக்கும். ஆயின், மகள் சீதனமாகக் கொண்டுசென்ற பனங்காணிக்கும் மகன் முதுசொமாகப் பெற்ற வயலுக்கும் உரிய முறை யாதென ஒல்லாந்து தேசத்துச் சட்டநூல் எதுவும் கூறமாட்டாது. தேசாதிபதி கொர்னேலிஸ் யோவான் சைமன்ஸ், இம்மக்களின் வழமைகளைத் திரட்டித் தருமாறு 1706 ஆம் ஆண்டு ஒகஸ்ட் மாதத்திற் கட்டளையிட்டார். அப்பணி யாழ்ப்பாணத்துத் திசாவையாகிய கிளாஸ் ஐசாக்ஸிடம் ஒப்புவிக்கப்பட்டது.

ஐசாக்ஸ் சட்டம் வகுக்க முற்பட்டவரல்லர். மக்களிடை நடப்பதை அறிய முற்பட்டவர். முப்பத்தேழு ஆண்டுகள் இம்மக்களோடு பழகிப் பெற்ற அனுபவமே அவர்க்கு முதல். முதிய முதலிமாரின் வாய்மொழியும் அவர்க்குத் துணையாயிற்று. 1707 ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் அளித்த தொகுப்பிலே முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்னும் சொல்வகைகள் மக்கள் வழங்கியவாறே இடம்பெற்றன. முன்னாளில் ஆண்மக்கள் முதுசொத்தையும் பெண்மக்கள் சீதனத்தையும் பெற்று வந்தனர் என்பதையும், போர்த்துக்கேயர் காலத்தில் அம்முறை திரிந்தது என்பதையும் அவர் மறையாது எழுதினார். காணி விற்போர் தம் உரித்தாளருக்கும் பங்காளருக்கும் அயற்காணிக்காரருக்கும் முன்னறிவித்த பழைய வழக்கம், பின்னர்த் தேவாலயத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளிற் கூறும் விளம்பரமாக மாறியமையும் அதிற் காணப்படும். எழுத்தில் இல்லாத வழக்கமுங்கூட அரசு மாறத் தானும் மாறும் என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

தொகுத்ததோடு கருமம் முடிந்துவிடவில்லை. யான் பிரூஸ் என்பவர் அதனைத் தமிழில் மொழிபெயர்த்தார். அம்மொழிபெயர்ப்புப் பன்னிரு முதலிமாரிடம் கொடுக்கப்பட்டது. அவர்கள் அதனைப் படித்து ஆராய்ந்து, நாட்டு வழக்கோடு ஒத்ததெனச் சான்று பகர்ந்து கையொப்பமிட்டனர். அதன் பின்னரே அது நீதிமன்றங்களுக்கு அனுப்பப்பட்டது. ஆளப்படுவோரின் மொழியிலே சட்டத்தை எழுதி, அவர்களுட் சிலரிடமே அதனைக் காட்டி உடன்பாடு பெறுதல் அக்காலத்துக் குடியேற்ற ஆட்சிகளில் எளிதிற் காணத்தக்கதன்று. 1806 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தமது 18 ஆம் இலக்க ஒழுங்குவிதியால் இதனையே உறுதிப்படுத்தினர்.

எனினும், கேட்கப்பட்டோர் யாவர் என்னும் வினாவை வரலாற்று மாணவர் விடுத்தலாகாது. முதலிமார் நிலமும் பதவியும் உடையோர், யாவரும் ஆடவர். சீதனம் பற்றிய பகுதியோ பெண்களின் வாழ்வைப் பற்றியது. கோவியர், நளவர், பள்ளர் முதலியோரை அடிமைகளெனக் குறித்து, அவர்தம் கடமைகளை வகுத்த பகுதியும் அத்தொகுப்பில் உண்டு. அப்பகுதி வழக்கோடு ஒத்ததென்று கூறியவர் அடிமையல்லர், ஆண்டையே. அவர் கூற்றுப் பொய்யன்று. வழக்கம் அவ்வாறே இருந்தது. ஆனால் வழக்கத்தை நுகர்ந்தவன் அதனை ஒருவகையாகவும், சுமந்தவன் பிறிதொரு வகையாகவும் உரைத்திருப்பான். ஊர்தோறும் நெகிழ்ந்தும் இறுகியும் கிடந்த அவ்வழக்கம், எழுத்தேறியபோது ஒரே இறுக்கமாயிற்று. ஐசாக்ஸின் உழைப்பைப் போற்றுவோர் இக்குறையையும் உடன்வைத்தே எண்ணுதல் முறை.

1844 ஆம் ஆண்டில் இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டபோதே அப்பகுதி செல்லாதாயிற்று. பன்னிருவர் சான்று பகர்ந்து அப்போது 137 ஆண்டுகள் கழிந்திருந்தன.