உறுப்புக் கொடையும் இல்லப் பணிவிடையும்

ஒருவர் உடலின் உறுப்பை மற்றொருவர் உடலில் பொருத்தி அவரை வாழச் செய்யும் மருத்துவத்திற்கு வயது எழுபதுக்குச் சற்று மேல். 1954ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மருத்துவர் ஜோசப் மர்ரே, ரொனால்டு ஹெரிக் என்பவரின் சிறுநீரகத்தை அவருடன் பிறந்த இரட்டையரான ரிச்சர்டுக்குப் பொருத்தினார். உருவொத்த இரட்டையர் ஆதலால் ரிச்சர்டின் உடல் அதனைத் தன்னுடையதாகவே ஏற்றது. மேலும் எட்டாண்டுகள் வாழ்ந்த அவர், மருத்துவமனையில் தம்மைப் பேணிய செவிலியரையே மணந்துகொண்டார். மர்ரே 1990இல் நோபல் பரிசு பெற்றார். அச்செவிலியரின் பெயரை மருத்துவ வரலாறு போகிற போக்கில்தான் சொல்கிறது.

எல்லா நோயாளர்க்கும் இரட்டையர் கிடைப்பதில்லை. பிறர் உறுப்பை உடல் பகையெனக் கருதித் தாக்கும். அத்தாக்குதலை அடக்கும் நல்ல மருந்தைத் தேடுவதிலேயே முப்பது ஆண்டுகள் சென்றன. நார்வே நாட்டு மேட்டுநில மண்ணிலிருந்த பூஞ்சை ஒன்றிலிருந்து பெற்ற சைக்ளோஸ்போரின் 1983இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அடுத்த ஆண்டு ஜப்பானில் ஒரு மண்வாழ் நுண்ணுயிரியிலிருந்து, இன்று பெரிதும் வழங்கும் டாக்ரோலிமஸ் கண்டறியப்பட்டது. உறுப்பு மாற்று மருத்துவம் பரவியது இம்மருந்துகளுக்குப் பின்னரே.

தமிழகத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 1971ஆம் ஆண்டிலேயே சிறுநீரக மாற்றை வெற்றியுடன் நிகழ்த்தியது. பெருமைக்குரிய இத்தொடக்கத்தை ஓர் இழிவு தொடர்ந்தது. வறியோர் சிறுநீரகத்தை விற்கும் வணிகம் பெருகி, சென்னை வில்லிவாக்கத்திற்குக் ‘கிட்னிவாக்கம்’ என்ற அவப்பெயர் வந்தது. 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் விற்பனையைக் குற்றமாக்கியது. மூளைச்சாவை இறப்பென ஏற்றது. நான்கு மருத்துவர் கொண்ட குழு, ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை ஆராய்ந்த பின்னரே மூளைச்சாவு உறுதி செய்யப்படும். சட்டம் வந்தும் வணிகம் ஓய்ந்துவிடவில்லை. ஆழிப்பேரலையில் வாழ்விழந்த வடசென்னை மீனவப் பெண்கள் சிறுநீரகம் விற்ற செய்தி 2007இல் வெளியானது. வயிற்றுப்பாட்டுக்காக விற்பதைத் ‘தானம்’ என்று தாளில் எழுதிய கொடுமை அது.

இந்நிலையை மாற்றியது ஒரு குடும்பத்தின் முடிவு. 2008 செப்டம்பர் 20ஆம் நாள், திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஹிதேந்திரன் என்னும் பதினைந்து வயது மாணவன் இருசக்கர வண்டி விபத்தில் தலையில் அடிபட்டான். பெற்றோர் அசோகன், புஷ்பாஞ்சலி இருவரும் மருத்துவர்கள். மூளைச்சாவு என்றால் என்ன என்பதை அவர்களுக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அறிந்திருந்ததனால் துயரம் குறைந்திருக்கும் என்று எண்ணலாகாது. இதயம் துடித்துக்கொண்டிருக்கும் மகனைப் பார்த்தவாறே அவர்கள் ஒப்புதல் அளித்தனர். முகப்பேரில் இருந்த மருத்துவமனையில் பெங்களூரைச் சேர்ந்த ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி காத்திருந்தாள். காவல்துறையினர் போக்குவரத்தை நிறுத்தி வழியமைக்க, நெரிசல் மிகுந்த சென்னைச் சாலையில் ஹிதேந்திரனின் இதயம் பதினொரு நிமிடங்களில் அங்குச் சேர்ந்தது. அவனுடைய பிற உறுப்புகளும் வேறு பலரை வாழ்வித்தன.

அதுவரை மருத்துவர்க்கே தெரிந்திருந்த மூளைச்சாவு என்னும் சொல் அதன்பின் தேநீர்க்கடை வரை சென்றது. அதே மாதத்தில் அரசு வெளியிட்ட ஆணைகள் உறுப்புப் பகிர்வை ஒழுங்குபடுத்தின. பின்னர் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் அமைந்தது. 2023 செப்டம்பர் 23ஆம் நாள், உறுப்புக் கொடையாளரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று முதலமைச்சர் அறிவித்தார். இத்தனைக்கும் பிறகு, உறுதிமொழி அட்டையில் ஒருவர் கையெழுத்திட்டிருப்பினும், அந்நேரத்தில் குடும்பத்தார் இசைந்தால்தான் கொடை நிகழும். எனவே தம் விருப்பத்தை அட்டையில் எழுதுவதோடு நில்லாமல் இல்லத்தாரிடம் வாய்விட்டுச் சொல்லியிருப்பது இன்றியமையாதது.

பதினொரு நிமிடப் பயணம் திரைப்படக் கதைகளுக்கும் வித்தானது. உறுப்பைப் பெற்றவர் வீடு திரும்பிய பின் வரும் ஆண்டுகளை எவரும் படம் எடுப்பதில்லை. பெறுதற்கரிய அக்கொடை நிலைப்பதும் அழிவதும் பெரும்பாலும் வீட்டில்தான். சேர்வராயன் மலையில் ஏற்காட்டிலிருந்து குப்பனூர் செல்லும் வழியிலுள்ள கொட்டச்சேடு போன்ற ஊரை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். அங்கு வாழும் ஒருவர் மாற்றுச் சிறுநீரகம் பெற்றால், ஒவ்வொரு இரத்தப் பரிசோதனைக்கும் மலையிறங்கிச் சேலம் செல்ல வேண்டும். பரிசோதனை நாளில் காலை மாத்திரையை விழுங்காமல் சென்று, இரத்தம் கொடுத்த பின்னரே விழுங்க வேண்டும். இல்லையேல் மருந்தின் அளவு தவறாகத் தெரியும். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபடுவதுண்டு. ஆகவே மாத்திரை எப்போதும் சில வாரங்களுக்கு இருப்பில் இருத்தல் வேண்டும். காப்பித் தோட்டத்து மக்கிய இலையிலும் மண்ணிலும் கையுறையின்றி வேலை செய்யலாகாது. மலையில் விளையும் கமலா ஆரஞ்சுக்குத் தடையில்லை. பம்பளிமாசு கூடாது, அது இரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடும். மருத்துவரைக் கேளாமல் கசாயமும் கூடாது. உடல் வெப்பம் நூறு பாரன்ஹீட்டைத் தாண்டினால் காலை வரை காத்திராமல் மருத்துவமனையை நாட வேண்டும். நோயை எதிர்க்கும் ஆற்றலை மருந்தே தணித்து வைத்திருப்பதால், எளிய காய்ச்சலும் அவர்க்கு எளியதன்று. எடை, சிறுநீரின் அளவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றை ஒரு நோட்டில் நாள்தோறும் குறித்து வைப்பது நலம்.

இவற்றையெல்லாம் செய்பவர் யார்? நம் நாட்டில் உயிரோடிருப்போர் தரும் சிறுநீரகங்களைத் தருவோரில் தாய்மாரும் மனைவியருமே மிகுதி. பெறுவோரில் ஆடவரே மிகுதி. தானே அறுவைக்குள்ளாகித் தேறிவரும் பெண், கணவருக்குச் செவிலியாகவும் இருக்கிறாள். அவளுடைய ஆண்டுப் பரிசோதனையை எவரும் நினைவூட்டுவதில்லை. 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய்களுக்கான மருந்து வீட்டுக்கே வருகிறது. அவ்வாறு வரும் பணியாளரிடம் கொடுத்தவரின் நலத்தையும் காட்டிக்கொள்வது நன்று.

தானத்தை ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் என நான்காக வகுத்தது சமணம். நோயுற்ற துறவியர்க்குப் பணிவிடை செய்தலைத் தத்துவார்த்த சூத்திரம் வையாவிருத்தியத்துள் சேர்த்து, அதனை அகத்தவம் ஆறனுள் ஒன்றாக வைக்கிறது. நீரை வடிகட்டிக் காய்ச்சிப் பருகும் நம் இல்ல வழக்கம் இந்நோயாளர்க்கு மருத்துவர் சொல்வதே ஆகும். இடர்ப்பாடு நோன்பில்தான் எழுகிறது. பன்னிரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை கொள்ளும் டாக்ரோலிமஸ் மாத்திரை இரவு எட்டு மணிக்கு வந்தால், கதிரவன் மறைந்தபின் நீரும் பருகாதவர் அதைத் தவிர்க்க எண்ணுவார். தவிர்ப்பது தொடர்ந்தால், மற்றொருவர் தந்த உறுப்பை உடல் தள்ளிவிடும். வேளையைக் காலை ஆறு, மாலை ஆறு என மாற்றிக்கொள்ள இயலுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். மருத்துவர் சொல்லாமல் தாமே மாற்றலாகாது. தசலட்சணப் பருவத்தில் நீரும் இன்றி உபவாசம் இருப்பது மாற்றுச் சிறுநீரகத்திற்குத் தீங்கு. வீட்டு மூத்தோர் இதனை நோன்பு தொடங்குமுன்பே அவரிடம் சொல்லிவிட வேண்டும். நோன்பு நாளில் அவராகக் கேட்கத் தயங்குவார்.