தினேஷ் பீடி (கேரள தினேஷ் பீடித் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம்)

கேரளத்தின் கண்ணூரைத் தலைமையிடமாகக் கொண்ட தொழிலாளர் கூட்டுறவு அமைப்பு. 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தைக் கேரளம் நடைமுறைப்படுத்த முனைந்தபோது, பெரிய தனியார் முதலாளிகள் பட்டறைகளை மூடிவிட்டு வெளியேறினர். வேலையிழந்தவர்கள் மாநில அரசின் கடனுதவியோடு 1969இல் இதைத் தொடங்கினர்.

புகையிலையும் பீடி இலையும் வாங்குவது, சுற்றிய பீடியை விற்பது மத்திய சங்கத்தின் பொறுப்பு. சுற்றுவது அதில் இணைந்த தொடக்கச் சங்கங்களின் வேலை. அவற்றில் உறுப்பினர்களே பங்குதாரர்கள். இயக்குநர்களையும் அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். எண்ணிக்கைக் கணக்கில்தான் கூலி என்றாலும் வருங்கால வைப்பு நிதி, போனஸ், சம்பளத்தோடு விடுமுறை ஆகியவை கிடைத்தன. ஒப்பந்தக்காரர் கொடுக்கும் இலையை வீட்டில் வைத்துச் சுற்றும் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்களுக்கு இவை எளிதில் எட்டியதில்லை.

பட்டறை வாழ்வின் தனிச்சிறப்பு வாசிப்பு. வடகேரளப் பீடிப் பட்டறைகளில் முன்பே இருந்த வழக்கம் அது. ஒருவர் செய்தித்தாளையோ நாவலையோ உரக்கப் படிப்பார். கை ஓயாமல் சுற்றியபடியே மற்றவர்கள் கேட்பார்கள். படிப்பவரின் கூலி குறையாதபடி அவருடைய பங்கையும் சேர்த்துச் சுற்றிக் கொடுப்பார்கள். அரசியல் விவாதமும் அங்கேதான் நடக்கும்.

1980களில் 40,000க்கும் மேற்பட்டோர் வேலை செய்தனர். பிறகு பீடி விற்பனை சரிந்தது. தொழிலாளரை இவ்வளவு கண்ணியமாக நடத்திய அமைப்பு உடலுக்குக் கேடான பண்டத்தையே நம்பியிருந்தது என்ற முரண் முதலிலிருந்தே உண்டு. 1990களின் பிற்பகுதியிலிருந்து உணவுப்பொருள், குடை, ஆயத்த ஆடை, தகவல் தொழில்நுட்பம் எனப் பிற துறைகளிலும் சங்கம் இறங்கியது.