ஃபோக்ஸ்டைலிலிருந்து ஃப்ரீஸ்டைலுக்கு: இளம் மல்யுத்தர்களின் பாணி மாற்றம்

அமெரிக்கப் பள்ளிகளிலும் ஆண்களுக்கான கல்லூரிப் போட்டிகளிலும் குளிர்காலத்தில் ஆடப்படும் மல்யுத்தம் ஃபோக்ஸ்டைல் எனப்படும். ஒலிம்பிக்கில் இதற்கு இடமில்லை. அங்கே இருப்பவை ஃப்ரீஸ்டைலும் கிரேக்க-ரோமனும் மட்டுமே. ஆகவே நாட்டுக்காக ஆட விரும்பும் அமெரிக்க இளைஞர்கள் சிறுவயதில் பழகியதைத் தாண்டி வேறொரு பாணியையும் கற்றாக வேண்டும். பள்ளிப் போட்டிகள் முடிந்த வசந்த காலத்தில் பலர் இந்தப் பயிற்சியைத் தொடங்குகிறார்கள். ஜூலையில் வட டகோட்டாவின் ஃபார்கோ நகரில் நடக்கும் தேசிய இளையோர் போட்டி அவர்களுடைய பெரிய இலக்கு.

ஃபோக்ஸ்டைல் அடக்குதலை மதிக்கும் பாணி. மேலே இருப்பவர் எதிராளியை எழவிடாமல் வைத்திருக்க வேண்டும்; கீழே இருப்பவர் தப்பி எழுந்தால் 1 புள்ளி, நிலையை மாற்றி மேலே வந்தால் 2. கல்லூரிப் போட்டியில், எதிராளியைவிட ஒரு நிமிடமோ அதற்கு மேலோ கூடுதலாக அடக்கி வைத்தவருக்குத் தனியாக 1 புள்ளி உண்டு. ஃப்ரீஸ்டைலில் வெறுமனே அடக்கி வைப்பதற்கு மதிப்பில்லை. கீழே கொண்டுவந்த பின் சட்டென்று புரட்டாவிட்டால் நடுவர் இருவரையும் எழுப்பி நிறுத்திவிடுவார்.

மாறி வருபவரை அதிகம் வதைப்பது முதுகு பற்றிய விதி. ஃபோக்ஸ்டைலில் எதிராளியின் முதுகை மெத்தைப் பக்கம் திருப்பினால் போதாது. சில விநாடிகள் அப்படியே பிடித்து வைத்தால்தான் புள்ளி. ஃப்ரீஸ்டைலில் ஒருவருடைய முதுகு மெத்தையை நோக்கி 90 பாகைக்கு மேல் திரும்பினாலே எதிராளிக்கு 2 புள்ளி. தோள்மேல் உருண்டு தப்பும் கிரான்பி உருளல் பள்ளிப் போட்டியில் அழகான வித்தை. ஃப்ரீஸ்டைலில் அதுவே புள்ளியைத் தாரை வார்ப்பதாக முடியலாம்.

இதைவிட ஆபத்தானது, கீழே விழுந்ததும் கையும் முழங்காலும் ஊன்றி எழப்பார்க்கும் பழக்கம். ஃபோக்ஸ்டைலில் மெத்தையில் மேலே இருப்பவர் எதிராளியின் உடலைச் சுற்றிக் கைகளைப் பூட்டுவது தவறு. ஃப்ரீஸ்டைலில் அதற்குத் தடையில்லை. இடுப்பு உயர்ந்த கணத்தில் கைகளைக் கோத்து, கட் ரெஞ்ச் என்னும் புரட்டலைத் தொடர்ந்து போடுவார்கள். கீழே வீழ்த்தியதற்கு 2, நான்கு புரட்டலுக்கு 8. பத்துப் புள்ளி முன்னிலை வந்ததும் ஆட்டம் முடிந்துவிடும். எனவே புதியவருக்கு முதலில் கற்றுத்தர வேண்டியது தாக்குதல் அல்ல. வயிறு மெத்தையோடு ஒட்டக் கிடந்து, இடுப்பைக் கனமாக்கி, கைகளை அகட்டி ஊன்றும் தற்காப்பே முதல் பாடம்.

ஃப்ரீஸ்டைலில் மெத்தையின் வட்டத்துக்கு வெளியே கால் வைத்தால் எதிராளிக்கு 1 புள்ளி என்பதால் ஓரத்துக்குப் பின்வாங்கும் வழக்கத்தையும் விட வேண்டும். புள்ளிகள் சமமானால் கூடுதல் நேரம் கிடையாது. பெரிய புள்ளி எடுத்தவர் யார், எச்சரிக்கை குறைவாகப் பெற்றவர் யார், கடைசிப் புள்ளி யாருடையது என்ற வரிசையில் முடிவாகும்.

பழைய பாணி சுமை மட்டுமல்ல. கால்பிடித் தாக்குதல், கைப்போர், மூச்சுத் திடம் ஆகியவை அப்படியே கைகொடுக்கும். இரண்டு கால்களையும் வாரும் தாக்குதலுக்குப் பெயர்பெற்ற ஜோர்டன் பரோஸ் 2011இல் கல்லூரிப் பட்டத்தையும் உலகப் பட்டத்தையும் ஒரே ஆண்டில் வென்றார். 2012 லண்டனில் ஒலிம்பிக் தங்கமும் பெற்றார். கைல் ஸ்னைடரின் பாதை வேறு. பள்ளியின் கடைசி ஆண்டைக் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஒலிம்பிக் பயிற்சி மையத்தில் ஃப்ரீஸ்டைல் பயின்று கழித்தவர் அவர். 2015 மார்ச்சில் கல்லூரி இறுதிப் போட்டியில் தோற்றார். அதே செப்டம்பரில், 19 வயதில், 97 கிலோ பிரிவில் உலகச் சாம்பியன் ஆனார். ஃப்ரீஸ்டைலை இளமையிலேயே தனிக் கலையாகப் பயில்வதன் பயனுக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பெண்களுக்கு இந்த மாற்றம் இன்னும் அவசரமானது. பள்ளியில் பெரும்பாலான மாணவிகள் ஃபோக்ஸ்டைல் ஆடுகிறார்கள். ஆனால் 2025 ஜனவரியில் பெண்கள் மல்யுத்தத்தைச் சாம்பியன் பட்டத்துக்குரிய விளையாட்டாக ஏற்ற தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ.வில் அவர்கள் ஆடுவது ஃப்ரீஸ்டைல்.