வைகை நீரும் திரைவழித் தூதும்

வைகை அணையில் தேங்கும் பெரியாற்று நீர், இருபதாண்டுகளுக்கும் மேலான பேச்சுக்குப் பின் 1886இல் திருவிதாங்கூர் அரசும் ஆங்கில அரசும் செய்த 999 ஆண்டுக் குத்தகையால் வந்தது என்பதை நாம் அறிவோம். அன்று தூதர் பயணப்பட்டனர், கடிதங்கள் நடந்தன.

2020இல் கொரோனாப் பெருந்தொற்று பயணங்களை முடக்கவே, அரசுகள் காணொலியை நாடின. மார்ச் 15இல் சார்க் நாடுகளும், 26இல் ஜி-20 தலைவர்களும் திரைவழியே கூடினர். செப்டம்பர் 26இல் இந்திய, இலங்கைப் பிரதமர்களும் அவ்வாறே கலந்துரையாடினர். வைகை பாயும் இராமநாதபுரத்து மீனவர் சிக்கலும் அங்கே பேசப்பட்டது.

எனினும் அதன் பின்னரும் மீனவர் கைதுகள் தொடர்ந்தன. திரை, சந்திப்பை எளிதாக்கிற்று. இணக்கத்தையோ அன்று போலவே பொறுமையாகத்தான் தேட வேண்டியிருக்கிறது. இதுவே நாம் பெறும் பாடம்.